பதினாலு செகண்டுக்கு அப்புறம்

இல்ல தம்பி, இது மெட்ராஸ் வண்டி இல்ல. திருவண்ணாமலை வண்டிதான், நீங்க சரியாத்தான் ஏறியிருக்கீங்க. உக்காருங்க. மெட்ராஸ் வண்டி அந்தப் பக்கம் நின்னுச்சு, நானும் பாத்தேன். பாத்துட்டுதான் இதுல ஏறினேன். அண்ணாமலையாரைப் பாத்து ரொம்ப நாளாச்சு, அதான்.

சட்டையில குத்தியிருக்கீங்களே கொடி, நேத்து குத்தினதா? சுதந்திர தினத்துக்கு ஆபீஸ்ல குடுத்தாங்களா? அய்யய்யோ, எதுக்குக் கழட்டறீங்க? நான் தப்பா ஒண்ணும் கேக்கல. இருக்கட்டும், இருக்கட்டும். போன வருஷம் எங்க நகர்ல இருநூத்திப் பன்னண்டு கொடி ஏத்தினவன் நான். இருநூத்திப் பன்னண்டு வீடு, இருநூத்திப் பன்னண்டு கொடி. பூட்டிக் கெடந்த வீட்டுக்கும் கேட்டுல கட்டினேன்னா பாத்துக்கங்க.

பேரு கோதண்டபாணி. சர்க்கரை ஆலையில ஹெட் கிளார்க்கா இருந்து ரிடையர் ஆனேன். வேலூர்ல காட்பாடிப் பக்கம் வீடு. எங்க நகர் குடியிருப்போர் சங்கத்துக்கு ஆறு வருஷமா நான்தான் செக்ரட்டரி. ஆறு வருஷமும் போட்டியில்லாம. வேற எவனும் நிக்கலங்கறது வேற விஷயம்.

பக்கத்து நகர்க்காரங்க ஆகஸ்ட் பதினாறாம் தேதி காலையிலயே கொடியெல்லாம் எறக்கிட்டாங்க. நான் மீட்டிங் போட்டேன். நாட்டுப்பற்று என்ன தீபாவளியா, மறுநாளே பெருக்கித் தள்ளறதுக்கு? ஜனவரி இருபத்தாறு வரைக்கும் நம்ம கொடி பறக்கணும்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. தட்டாம என்ன பண்ணுவாங்க, வேணாம்னு எவன் எழுந்து சொல்லுவான்?

அப்புறம் மழை வந்துச்சு தம்பி. ஐப்பசி மழை உங்களுக்குத் தெரியாததா? ஒரு மாசத்துல காவி வெளுத்து பழைய பனியன் மாதிரி ஆயிடுச்சு. பாதி கிழிஞ்சு ஒயர்ல மாட்டிக்கிட்டுத் தொங்குது. ஒண்ணு ரெண்டு சாக்கடையில. நான் பாக்கலியா? தெனம் பாத்தேன். வாக்கிங் போறப்ப தலையைத் திருப்பிக்குவேன். எறக்குங்கன்னு சொன்னா, எறக்கச் சொன்னவன்னு பேரு வந்துடும். யாராவது எறக்கட்டும்னு இருந்தேன். எல்லாரும் அப்படித்தான் இருந்தாங்க. இருநூத்திப் பன்னண்டு வீட்டுல ஒருத்தன் கை வைக்கல. அது பக்தியா பயமான்னு கேட்டா எனக்கு இன்னிக்கும் சொல்லத் தெரியல.

எங்க தெருமுனையில ஒரு இஸ்திரி வண்டி நிக்கும். தாண்டவராயன்னு பேரு. வயசு என்னைவிட ஒண்ணு ரெண்டு கம்மி. பட்டாளத்துல டோபியா பதினேழு வருஷம் இருந்தவரு. துப்பாக்கி பிடிச்சதில்ல, சோல்ஜருங்க துணியைத் துவைச்சுத் தேய்ச்சுக் குடுத்தவரு. நாங்க கேலியா 'மேஜர்'னு கூப்புடுவோம். "இன்னா மேஜர், பார்டர் எப்படிக் கீது?"ன்னு கேட்டா, "அமைதியா கீது சார்"னு சொல்லிக்கிட்டே காலரைத் தேய்ப்பாரு. கோவமே வராது. அவர் மடிக்கற சட்டை தனி தம்பி. ரெண்டு கையையும் முதுகுப் பக்கம் கோத்து வெச்ச மாதிரி மடிப்பாரு. பட்டாளத்து மடிப்பாம். பீரோவைத் தொறந்தா சட்டையெல்லாம் அட்டென்ஷன்ல நிக்கும்.

அவர் சம்சாரம் தவறிப் போயிட்டா. ஒரே பொண்ணு, ஜீவிதான்னு பேரு. காலேஜ் முடிச்சுட்டு தெனம் காலையில எங்க கிரவுண்டுல ஓடுவா. மத்தியப் படையில சேரணும்னு அதுக்கு வெறி.

கார்த்திகை மாசம் நான் ஒண்ணு கவனிச்சேன். கொடி கொறையுது. மொதல்ல ஒயர்ல தொங்கினது காணோம். அப்புறம் பார்க் கம்பியில இருந்தது. அப்புறம் ஒரு தெருவே மொட்டையா நிக்குது. எண்ணிப் பாத்தேன், முப்பத்தெட்டு காணோம். வாட்ஸப் குரூப்புல போட்டேன்: 'நமது தேசியக் கொடிகள் திட்டமிட்டு அகற்றப்படுகின்றன. விழிப்புடன் இருங்கள்.' அதுக்கு வந்துச்சே பதிலு! இருநூத்திப் பன்னண்டு வீடும் முழிச்சுக்கிச்சு. அதுவரைக்கும் தண்ணி வரலன்னு போட்டாக்கூட ஒருத்தன் பதில் போடமாட்டான்.

ரெண்டு நாள் கழிச்சு, விடியக்காலம், அஞ்சு நாப்பது. மாடியில செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தேன். எங்க வீட்டுக்குப் பின்னாடி காலி மனை ஒண்ணு இருக்கு, ஒரு புங்கமரம். அங்க ஒரு ஆள் குந்திக்கிட்டு இருக்கான். முன்னாடி ஒரு தகரத் தட்டு. கையில கொடி. இன்னொரு கையில இடுக்கி, அதுல கங்கு. கொடியில கங்கை வைக்கறான் தம்பி. குப்புனு பிடிக்குது.

நெஜமாச் சொல்றேன், எங்க அம்மாவுக்கு எவனோ நெருப்பு வைக்கற மாதிரி இருந்துச்சு. அந்த உணர்ச்சி பொய்யில்ல. அதை மட்டும் யாரும் பொய்னு சொல்லக்கூடாது. போனை எடுத்தேன், எடுத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் அதுல பதினாலு செகண்டு வெட்டி குரூப்புல போட்டேன். கூட ஒரு வரி: 'இவர் யார்? ஏன் இப்படி?' அவ்வளவுதான். கேள்விதான் கேட்டேன். அவர் பேரைக்கூட நான் எழுதல. பாருங்க, குற்றம் சாட்டல, கேள்வி கேட்டேன்.

ஏழு மணிக்குள்ள பேரை எழுத வேற ஆளுங்க இருந்தாங்க. எட்டு மணிக்கு அது எங்க நகரைத் தாண்டிப் போயிடுச்சு. மத்தியானம் என் மச்சான் பெங்களூர்லேருந்து எனக்கே அனுப்பறாரு, 'இந்த அநியாயத்தைப் பாருங்க மாமா'ன்னு. சாயங்காலம் டிவியில அஞ்சு பேரு உக்காந்து கத்தறாங்க. ஏழு லட்சம் பேரு பாத்ததா சொன்னாங்க. நான் எடுத்த வீடியோவை ஏழு லட்சம் பேரு! என் கல்யாணத்துக்கே நூத்தம்பது பேருதான் வந்தாங்க.

போலீஸ் அவரைக் கூட்டிக்கிட்டுப் போனதை நான் பாக்கல. இஸ்திரி வண்டியைக் கவுத்து, கொளுத்தினதைப் பாத்தேன். யாரோ வெளியூர்ப் பசங்க. கங்குப் பொட்டி ரோட்டுல உருண்டு வந்து எங்க கேட்டுல நின்னுச்சு. பசங்க முடிச்சுட்டு ஜனகணமன பாடினாங்க. பாடறப்ப உக்காந்திருக்க முடியுமா? நானும் எழுந்து நின்னேன், வாசல்ல, லுங்கியோட.

என் சம்சாரம் பிரேமா ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டா. "மாடியிலேருந்து கீழ இருபது படி. எறங்கிப் போய் என்னய்யா பண்றேன்னு கேட்டிருக்கலாமே?" பொம்பளைங்களுக்குச் சட்டம் ஒழுங்கு தெரியாது. அவ அப்புறம் என்கிட்ட அதைப் பத்திப் பேசினதே இல்ல. வேற எதைப் பத்தியும் ரொம்பப் பேசறதில்ல.

என்ன தம்பி? ஏன் கொளுத்தினாருன்னா? அதைச் சொல்லாமப் போறேனா. முறையே அதுதானாம். கிழிஞ்ச கொடியைத் தூக்கிப் போடக்கூடாது, குப்பையில சேக்கக்கூடாது, தரை தொடைக்கக்கூடாது. யாரும் பாக்காத எடத்துல மரியாதையா எரிக்கணும். அரசாங்கமே அப்படித்தான் எழுதி வெச்சிருக்காம். எனக்குத் தெரியாதுப்பா. கட்டறதுக்குத்தான் எனக்குத் தெரியும். பட்டாளத்துல அதைப் பண்ற வேலை அவருக்குத்தான் இருந்துச்சாம். அவர் சும்மா எரிக்கல. சாக்கடையில கெடந்ததை எடுத்து, சோப்புப் போட்டுத் துவைச்சு, காய வெச்சு, தேய்ச்சு, மடிச்சு, அப்புறம் எரிச்சிருக்காரு. அந்தக் கொடி பாலியஸ்டர், சூடு பட்டா சுருங்கிடும். அதனால மேல ஈரத்துணி போட்டுத் தேய்ச்சிருக்காரு. எரிக்கப் போற துணியை எவனாவது தேய்ப்பானா தம்பி?

இதெல்லாம் ஸ்டேஷன்ல அவர் சொல்லித்தான் தெரியும். சங்கத்து செக்ரட்டரின்னு என்னைக் கூப்பிட்டு அனுப்பினாங்க. போனேன். பெஞ்சுல உக்காந்திருக்காரு, பனியனோட. கன்னத்துல வீக்கம். என்னைப் பாத்ததும் எழுந்து நின்னாரு. இன்ஸ்பெக்டர் கேட்டாரு, "உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் பண்ணேன்னு சொல்றானே, உண்மையா?" நான் யோசிச்சேன். "எனக்கு அப்படி ஞாபகம் இல்லீங்க சார்"னேன்.

அப்ப அவர் என்ன சொன்னாரு தெரியுமா? என்னைத் திட்டுவாருன்னு நெனச்சேன். "சாருக்கு ஞாபகம் இருக்காதுங்க. சங்கத்து வேலை ஜாஸ்தி, நூறு பேரு நூறு கேப்பாங்க"ன்னு இன்ஸ்பெக்டருக்குச் சொல்றாரு. எனக்காக. அந்தக் கன்னத்தை வெச்சுக்கிட்டு.

நெஜமாவே அப்ப ஞாபகம் இல்ல தம்பி. வீட்டுக்கு வந்து தலையில தண்ணி ஊத்தினப்பதான் வந்துச்சு. ஐப்பசி கடைசி. நான் தெருமுனையில நின்னு போன் பேசிக்கிட்டு இருக்கேன். அவர் பெட்டியை வெச்சுட்டு வந்து பக்கத்துல நிக்கறாரு. "சார், கொடியெல்லாம் கிழிஞ்சு கெடக்குது. பாக்க மனசுக்குக் கஷ்டமா கீது. நான் எறக்கி முறையா பண்ணிடட்டுங்களா?" நான் போனைக் கையால மூடிக்கிட்டு, "பண்ணுங்க மேஜர், பண்ணுங்க"ன்னேன். பண்ணுங்கன்னா என்ன பண்ணப் போறாருன்னு கேக்கல. அதுக்குப் பேரு பர்மிஷனா? நீங்களே சொல்லுங்க. ஒரு மனுஷன் போன்ல இருக்கப்ப சொல்றதெல்லாம் கணக்குல வருமா? எழுத்துல குடுத்திருந்தா சரி. சங்கத்து லெட்டர்பேடு இருக்கு, சீல் இருக்கு.

மறுநாள் போய்ச் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். சட்டை கூடப் போட்டுட்டேன். அதுக்குள்ள ஒரு பத்துப் பேரு மேளத்தோட வீட்டுக்கு வந்துட்டாங்க. ஏதோ ஒரு அமைப்பு. சால்வை போத்தினாங்க, 'விழிப்புள்ள குடிமகன்'னு ஷீல்டு குடுத்தாங்க, போட்டோ புடிச்சாங்க. அந்தச் சட்டையோடதான் போட்டோவுல இருக்கேன். சால்வை போத்தினதுக்கு அப்புறம் எப்படிப் போய்ச் சொல்றது? இன்னிக்குச் சால்வை போத்தறவன் நாளைக்கு என்ன பண்ணுவான்னு அந்த இஸ்திரி வண்டியைப் பாத்தவனுக்குத் தெரியாதா?

பதினோரு நாள் உள்ள வெச்சிருந்தாங்க. ஜாமீன்ல வந்தாரு. வந்து, வண்டி இல்லாமலே அதே முனையில நின்னாரு. கையில ஒண்ணும் இல்ல, சும்மா நிக்கறாரு. யாரும் துணி குடுக்கல. நான் குடுத்திருப்பேன். ஆனா செக்ரட்டரியே குடுத்தா என்ன அர்த்தம்? தெனம் காலையில நான் பால் வாங்கப் போறப்ப, "வணக்கம் சார்"னு சொல்லுவாரு. நானும் தலையை ஆட்டுவேன். தை மாசம் ஒரு நாள் அங்கயே சரிஞ்சு உக்காந்தாராம், எழுந்திரிக்கல. நெஞ்சு வலின்னாங்க. சாவுக்கு நான் போகல. மாலை அனுப்பினேன், பேரு எழுதாம.

சரி, செத்துட்டாரு, கதை முடிஞ்சதுன்னு நீங்க நெனப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

பங்குனி மாசம். பீரோவைத் தொறக்கறேன், என் சட்டையெல்லாம் மடிச்சிருக்கு. ரெண்டு கையும் முதுகுப் பக்கம் கோத்து. அதே மடிப்பு. ஒவ்வொண்ணா வெளிய எடுத்துப் பாத்தேன். "பிரேமா, யார் மடிச்சது?"ன்னு கேட்டேன். "நான் எதையும் தொடல"ன்னா. கலைச்சுப் போட்டேன். அடுத்த வாரம் பாத்தா திரும்ப அப்படியே இருக்கு. நான் இப்ப டவுன்ல லாண்டரிக்குப் போடறேன், அவன் ஹேங்கர்ல மாட்டித்தான் குடுக்கறான். ஆனா பீரோவுக்குள்ள போனா மடிஞ்சுக்குது. இதோ, நான் போட்டிருக்கற சட்டையைப் பாருங்க, நெஞ்சுல குறுக்க ஒரு மடிப்புக் கோடு தெரியுதா? நான் போடல இதை. அவ தொடலங்கறா. எங்க வீட்டுல இருக்கறது நாங்க ரெண்டே பேரு.

விடியக்காலம் அஞ்சு நாப்பதுக்கு முழிப்பு வந்துடும். ஈரத்துணியில சூடு வெச்சா ஒரு வாசனை வருமே, அது வரும். பிரேமாவுக்கு வரலியாம். எழுந்து மாடிக்குப் போவேன். புங்கமரத்துக்குக் கீழ ஒண்ணும் இருக்காது. ஆனா மாடியிலேருந்து எறங்கறப்ப படியை எண்ணுவேன். எண்ணாம எறங்க முடியல.

சித்திரையில அந்தப் பொண்ணு வந்துச்சு. ஜீவிதா. வாசல்லயே நின்னுச்சு, உள்ள வான்னாலும் வரல. செலக்ட் ஆயிட்டாளாம் தம்பி. ஓட்டம், எழுத்து, மெடிக்கல் எல்லாத்துலயும் பாஸு. கடைசியில போலீஸ் வெரிஃபிகேஷன்ல நிக்குது. அப்பன் தேசியக் கொடியை அவமதிச்ச கேஸ்ல குற்றம் சாட்டப்பட்டவர்னு எழுதி அனுப்பிட்டாங்களாம். அவர் செத்ததால கேஸை மூடிட்டாங்க. மூடினதால, தப்பு பண்ணலன்னு தீர்ப்பும் வரல. அந்தப் பேரு அப்படியே நின்னுபோச்சு. ஆதாரம் இருந்தா கொண்டு வான்னு மெட்ராஸ்ல ஒரு ஆபீஸர் தேதி குடுத்திருக்காரு.

என்னைத் திட்டல அது. சத்தம் போடல. "சார், அந்த வீடியோ உங்க மாடியிலேருந்து எடுத்ததுன்னு எனக்குத் தெரியும். அந்தக் கோணம் வேற எங்கேருந்தும் வராது. அதை நான் நூறு தடவை பாத்துட்டேன். கடைசியில எங்கப்பா எழுந்திரிக்கப் போறாரு, அதோட கட் ஆவுது. எழுந்ததும் அவர் கை எங்க போயிருக்கும்னு எனக்குத் தெரியும் சார். மத்தவங்களுக்கும் தெரியணும். மீதி இருந்தா குடுங்க"ன்னுச்சு.

தேடிப் பாக்கறேம்மான்னேன். எதைத் தேடறது? என் பாக்கெட்டுல இருக்கு.

பன்னண்டு தடவை வந்துச்சு தம்பி. பன்னண்டாவது தடவை என்னால முடியல. "இரும்மா, போன்ல அனுப்பினா நம்ப மாட்டாங்க. நானே நேர்ல வந்து அந்த ஆபீஸர்கிட்ட காட்டறேன், எடுத்தவன் நான்தான்னு எழுதியும் தர்றேன்"னு சொன்னேன். அது கண்ணுல தண்ணி வந்துடுச்சு. கால்ல விழ வந்துச்சு, நான் தடுத்துட்டேன். அன்னிக்கு ராத்திரி நல்லா தூங்கினேன். சொல்றதே பாதி செஞ்ச மாதிரிதானே?

தேதி இன்னிக்குத்தான். காலையில பதினோரு மணிக்கு.

அப்படிப் பாக்காதீங்க. நான் மெட்ராஸுக்குத்தான் கிளம்பினேன். பிரேமா காலையில எழுந்து காபி போட்டுக் குடுத்தா, இத்தனை மாசத்துக்கு அப்புறம் வாசல் வரைக்கும் வந்தா. பஸ் ஸ்டாண்டுல மெட்ராஸ் வண்டி படியில ஒரு காலை வெச்சேன். அதுல டிவி ஓடுது, நேத்து நடந்த கொடியேத்தத்தைக் காட்டறான். கூட்டம் கூட்டமா ஜனங்க. எனக்கு அந்த இஸ்திரி வண்டி எரிஞ்சது கண்ணுக்கு முன்னாடி வந்துடுச்சு. இவ்வளவு நாள் வெச்சிருந்தும் ஏன்டா குடுக்கலன்னு கேப்பாங்கல்ல? ஒரு பட்டாளத்தான் சாவுக்குக் காரணமானவன்னு அதே ஏழு லட்சம் பேரு என் வீட்டு அட்ரஸைப் போடுவாங்கல்ல? எனக்கு அறுபத்து நாலு வயசு. காலை எடுத்துட்டேன். இந்த வண்டி பக்கத்துல நின்னுச்சு, சாமி பேரைச் சொல்லி ஏறிட்டேன்.

ஆனா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் இவ்வளவும் சொன்னேன். நீங்க யாரோ, நான் யாரோ. இந்த வீடியோவை ஒரு தடவை பாருங்க. முழுசு. நாலு நிமிஷம் பத்து செகண்டு. பிரேமாகூட பாத்ததில்ல. இந்தாங்க.

அதோ, இதுவரைக்கும் ஊரு பாத்தது. இப்ப எழுந்திரிக்கறாரு பாருங்க. செருப்பைக் கழட்டி ஓரமா வைக்கறாரு. கை மேல போகுது. சல்யூட். அப்படியே நிக்கறாரு, நெருப்பு அடங்கற வரைக்கும் அசையல. எனக்கு அப்பவே புரிஞ்சுது தம்பி, மாடியில நிக்கறப்பவே. பாக்கறவனுக்குப் புரியாதா? புரிஞ்சதுக்கு அப்புறமும் பதினாலு செகண்டு வெட்டினேன். ஏன் வெட்டினேன்னு கேக்காதீங்க. முப்பத்தெட்டு கொடி திட்டமிட்டு அகற்றம்னு நான் எழுதிட்டேன்ல, இருநூத்திப் பன்னண்டு வீடும் திருடன் யாருன்னு காத்துக்கிட்டு இருந்துச்சு.

இப்ப கவனமா பாருங்க. மூணாவது நிமிஷம். சாம்பலை எடுத்து மரத்தடியில போடறாரு, மண்ணைத் தள்ளறாரு. இப்ப... இப்ப நிமிந்து என்னைப் பாக்கறாரு. மாடியை, நேரா என் கண்ணை. மொதல்ல மூணாவது நிமிஷத்துலதான் பாத்துக்கிட்டு இருந்தாரு. வைகாசியிலேருந்து ரெண்டாவது நிமிஷத்துலயே பாக்கறாரு. இப்பல்லாம் போட்ட ஒடனே பாக்கறாரு. நான் பாத்தது அவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஸ்டேஷன்ல அப்படிப் பேசினாரு, என்னைக் குத்திக் காட்ட. அப்படித்தானே இருக்கணும்? வேற எதுக்கு ஒருத்தன் அப்படிப் பேசுவான்?

என்ன சொன்னீங்க?

பாக்கலியா? நிமிரவே இல்லியா? சரியாப் பாருங்க தம்பி, திரும்பப் போடுங்க. வெளிச்சம் அடிக்குதா, கையால மறைச்சுக்கங்க. அதோ, அங்க... இல்லியா?

ஒரு தடவை கூடவா?

அப்ப அவருக்கு நான் நின்னது தெரியாது. தெரியாமத்தான்... சாருக்கு வேலை ஜாஸ்தின்னு... நெஜமாவே நான் மறந்துட்டேன்னு நம்பித்தான் சொல்லியிருக்காரு. தெனம் வணக்கம் சொன்னது, நெஜமாவே வணக்கம்தான். கடவுளே. அவர் என்னைக் குத்திக் காட்டறாருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தவரைக்கும் எனக்கு ஒரு பிடி இருந்துச்சு தம்பி. நீங்க அதையும் எடுத்துட்டீங்க.

குடுங்க போனை. அடிக்குது.

அவதான். ஜீவிதா.

ஹலோ... ஆங், சொல்லும்மா. வந்துக்கிட்டே இருக்கேம்மா. ஸ்ரீபெரும்புதூர் தாண்டியாச்சு. ஆமாம்மா, போன்ல பத்திரமா இருக்கு, முழுசா இருக்கு. நீ தைரியமா இரு... என்ன? என்ன சத்தமா? அது... இரும்மா, ஒரு நிமிஷம். யோவ் கண்டக்டர், போளூருன்னு ஏன்யா இந்தக் கத்து கத்தற? ... இல்லம்மா, இங்க பக்கத்துல ஒருத்தரு போன்ல வீடியோ பாக்கறாரு, அதுல. ஆங். ... ஆங். ... அதெல்லாம் எதுக்கும்மா? சரி. சரிம்மா. வெச்சிடறேன்.

அதுக்கு மேல அவ ஒண்ணும் கேக்கல தம்பி. போளூருங்கற சத்தம் நல்லாவே கேட்டிருக்கும். ஆனா 'சரி சார், நீங்க மெதுவா வாங்க'ன்னா. காலையில சீக்கிரம் கிளம்பியிருப்பீங்க, சாப்பிட்டிருக்க மாட்டீங்கன்னு இட்லி வாங்கி வெச்சிருக்காளாம். ஆபீஸ் கேட் பக்கத்துலயே நிக்கறாளாம், நான் தேடக்கூடாதுன்னு.

இது போளூர்தானே? இங்கேருந்து மெட்ராஸுக்கு நேர் வண்டி இருக்கும், ஆரணி வழியா. அதோ ஒண்ணு நிக்குதே, போர்டுல சென்னைன்னுதானே போட்டிருக்கு? பதினோரு மணிக்குப் போய்ச் சேர முடியாது, ஒரு மணி ஆயிடும். ஒரு மணி வரைக்கும் அந்தப் பொண்ணு நிக்கும். சாயங்காலம் வரைக்கும் கூட நிக்கும், எனக்குத் தெரியும்.

விசில் ஊதிட்டான்.

இல்ல தம்பி, எனக்கு வழி விட வேணாம். காலை மடக்காதீங்க, நல்லா நீட்டி உக்காருங்க.